சரோஜா கையில் ஒரு துஜா

தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றபோதுதான் வாட்ச்மேன் சொன்னார். "இன்னா மேடம், தெரியாதா? கீழ் வூட்டு சாரு பம்பாய்ல ஆபரேசன்லயே போய்ட்டாராம். புள்ள போன் பண்ணிக்கீறாரு." வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டாரே!

கீழ் வீட்டுத் தாவரவியல் பேராசிரியர் தணிகாசலத்தை நல்ல மனிதர் என்று எழுத என்னால் முடியாது. அடையாற்றில் எங்கள் அடுக்குமாடியில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். படியில் வணக்கம் சொன்னால் நம் செருப்பைப் பார்ப்பார்.

மொட்டை மாடித் தொட்டியில் அவர் ஒரு துஜா வளர்த்தார். விசிறி விசிறியாக அடுக்கிய இலை, வருஷம் முழுக்கப் பச்சை. ஒரு கோடையில் மகனைப் பார்க்கப் பம்பாய் கிளம்பியவர் அதை என் பொறுப்பில் விட்டார். "இது துளசி இல்லம்மா, தினம் ஊத்த. மண்ணுல ரெண்டு கணு விரலை விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. விரலைக் கேளுங்க, மனசைக் கேக்காதீங்க."

என் மனசு கேட்கவில்லை. கொளுத்தும் வெயிலில் அது நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் மாடிக்குச் சுமந்தேன். ஒரே மாதத்தில் வேர் அழுகி, செடி பழுத்துவிட்டது.

திரும்பி வந்தவர் செத்த செடியை என் வாசலில், கோலத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். குடியிருப்போர் கூட்டத்தில் என்னைக் கொலைகாரி என்றார். தனக்குப் புதிய துஜா ஒன்று வாங்கிக்கொண்டார். நான்கு வருடம் பேச்சில்லை. என் மகளின் கல்யாணப் பத்திரிகையைக்கூட வாங்காமல் கதவைச் சாத்தினார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன வாரம் அவர் மகன் வீட்டைக் காலி செய்ய வந்தான். அந்தத் துஜாவைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க என் வாசலில் நின்றான். "ஆன்ட்டி, கிளம்பறதுக்கு முன்னாடி அப்பா தொட்டில சீட்டு ஒட்டிருக்கார். பம்பாய்லயே படிச்சதால எனக்குத் தமிழ் படிக்க வராது. எழுத்துக் கூட்டி உங்க பேரை மட்டும் படிச்சேன். உங்களுக்குத்தான் விட்டுட்டுப் போயிருக்கார்." அவன் கண் கலங்கியிருந்தது.

சீட்டைப் பார்த்தேன். அதே கோணல் கையெழுத்து: "சரோஜா கையில் கொடுக்கக் கூடாது."

"ஆமாம்ப்பா, எனக்குத்தான்" என்று வாங்கிக்கொண்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் செடியும் சீட்டும்தான். சீட்டைக் கிழிக்கவில்லை. இன்று காலையும் அரிசி களைந்த தண்ணீரோடு மாடிக்குப் போனேன். வெயில் ஏறிவிட்டது, மனசு கேட்கவில்லை. விரலைக் கேட்டேன். தண்ணீரைப் பக்கத்துத் தொட்டித் துளசிக்கு ஊற்றினேன்.