மஞ்சத்துணிச் சோளம்

குரும்பலூருக்குக் கிழக்கே இருக்கும் கரிசல் காட்டில் சுடுமல்லி பூத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். சோளத்தின் காலடியில் பொரி இறைத்த மாதிரி வெள்ளைப் பூ. ஆனால் அது சோளத்தின் வேரைக் கவ்விச் சாறு குடிக்கிற களை. அது பூத்து முடிப்பதற்குள் மேலே சோளம் சுருண்டுவிடும். ஜெகதாம்பாள் வாக்கப்பட்டு வந்த வருஷம் தொட்டு அதைப் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். பிடுங்கிய இடத்தில் அது மறுபடி முளைத்தது.

யுத்த காலத்தில் அவள் தம்பி குருநாதன் கோயம்புத்தூர்ப் பண்ணையில் பயிர்ப் பயிற்சி முடித்து, ஒரு பை விதையோடு வந்து இறங்கினான்.

"இந்தச் சோளத்தைச் சுடுமல்லி அண்டாது, அக்கா. ஆனா தின்ன முடியாது, சரளைக்கல்லு மாதிரி இருக்கும். நம்ம ஊர்ச் சோளத்தோட இதை ஒட்டுச் சேர்க்கணும். உன் காட்டுல ஒரு துண்டு குடு."

புருஷன் பெரியசாமிக்கு இதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. "ஒரு கதிராவது உருப்படியா வரட்டும். வரலேன்னா அடுத்த பட்டத்துக்கு ஆமணக்குதான். எனக்கும் இதோட மல்லுக்கட்டி அலுத்துப்போச்சு" என்றார்.

ஆமணக்கைப் போட்டால் வீட்டு உலையில் எதைக் கொட்டுவது? இரண்டு சோளத்தையும் அந்தத் துண்டில் பக்கம்பக்கமாக விதைத்து, கதிர் தள்ளியதும் ஜெகதாம்பாள் ஊசியும் கையுமாகக் காட்டுக்குப் போனாள்.

சோளப்பூ கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்குள்ளேயே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. சாயங்காலம், பூ விரியுமுன் ஊசியால் கீறி, மகரந்தம் வைத்திருக்கும் ஆண் பாகத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். காகித உறை போட்டுக் கட்டிவிட்டு, மறுநாள் விடிந்ததும் கோயம்புத்தூர்ச் சோளத்தின் மகரந்தத்தை அதில் உதிர்க்க வேண்டும். பிறகு மறுபடியும் உறை.

"ஆக, ஆம்பளைய எல்லாம் புடுங்கிப் போட்டுட்டுப் பொம்பளைய மட்டும் மூடி வச்சுக்கணும்" என்றாள் ஜெகதாம்பாள்.

வரப்பில் நின்ற பெரியசாமி, "நல்ல படிப்புடா மாப்புள" என்றார்.

முதலில் அவள் பெண் பாகத்தையும் சேர்த்தே குத்திக் கெடுத்தாள். குருநாதன் தலையில் அடித்துக்கொண்டான். போகப்போகக் கை பழகியது. கார்த்திகைக்குள் துண்டு முழுக்கக் காகிதத் தொப்பி போட்ட கதிர்கள் நின்றன.

அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. காகிதமெல்லாம் ஊறிக் கிழிந்தது. உறை போன கதிரில் கண்ட மகரந்தமும் ஏறியது, பூஞ்சையும் பிடித்தது. உறை கிழியாமல் மிஞ்சியது ஒரே ஒரு கதிர். துணிக்குப் பஞ்சமான காலம் அது. அவள் தன் பழைய சேலையில் மஞ்சள் ஏறிய முந்தானையைக் கிழித்துப் பை தைத்து அந்தக் கதிருக்குப் போட்டுக் கட்டினாள். பெரியசாமி அன்று வண்டி கட்டிக்கொண்டு அரியலூர் போயிருந்தார்.

தை பிறந்தது. விதை எடுக்க அக்காளும் தம்பியும் போனார்கள். தட்டை மட்டும் நின்றது. கதிர் இருந்த இடத்தில் அரிவாள் வெட்டு.

பக்கத்தில் களை பறித்துக்கொண்டிருந்த பாப்பாத்தி, "பெரியசாமி அண்ணன்தான் விடியக்காலமே வந்து அறுத்துட்டுப் போனாரு" என்றாள்.

ஜெகதாம்பாள் வீட்டுக்கு நடந்தாள். குருநாதன் பின்னால் ஓடி வந்தான். பெரியசாமி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

"மஞ்சத்துணி கட்டின கதிரு எங்கங்க?"

"அய்யனாருக்குப் போட்டாச்சு. ஏன்?"

அறுப்புக்கு முன்னால் நல்ல கதிராகப் பார்த்து அய்யனார் கோயில் உத்தரத்தில் கட்டுவது ஊர் வழக்கம். அதைக் குருவிகள் தின்ன வேண்டும். தின்றால்தான் சாமி ஏற்றுக்கொண்ட கணக்கு. குருநாதன் அப்படியே இடிந்துபோய்த் தரையில் உட்கார்ந்தான்.

"காகிதம் கட்டினா மாப்புள ஆராய்ச்சின்னு எனக்குத் தெரியும், தொடமாட்டேன். மஞ்சத்துணி கட்டிருந்தா என்ன நெனைக்கிறது? என் முழங்கால் வலிக்கு நீ நேர்ந்துகிட்டேன்னு நெனச்சேன்."

"உங்க முழங்காலுக்கு ஆமணக்கெண்ணெ போதாதா?" என்று சொல்லிக்கொண்டே அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

கோயில் உத்தரத்தில் ஊரார் கட்டிய கதிர்கள் வரிசையாகத் தொங்கின. குருவிகள் கொத்திக்கொத்தி எல்லாம் வெறும் காம்பாகியிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் மஞ்சள் பையோடு ஆடியது. இரண்டு குருவிகள் அதன்மேல் உட்கார்ந்து, வழி தெரியாமல் துணியைக் கொத்திக்கொண்டிருந்தன.

பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்த பெரியசாமி, "நேர்ந்த முடிச்ச நாம எப்படி அவுக்கிறதுன்னு அப்படியே கட்டிட்டேன்" என்றார்.

பிரித்தால் மணி ஒன்றும் குறையவில்லை. ஜெகதாம்பாள் கதிரை மடியில் கட்டிக்கொண்டு, காட்டிலிருந்து வேறு நல்ல கதிராக ஒரு பிடி அறுத்துவந்து அந்த இடத்தில் கட்டினாள். சாமிக்கும் குருவிக்கும் அதில் நட்டமில்லை.

பாதி விதை பண்ணைக்குப் போனது. மீதி அவள் காட்டில் விழுந்தது. அதன் பிள்ளைகளில் சுருண்டதை ஒதுக்கி, நின்றதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி விதைத்தாள். சுதந்திரக் கொடியேற்றிய அந்த வருஷம் அடுத்தவர் காடெல்லாம் சுடுமல்லி வெள்ளையாகப் பூத்துக் கிடக்க, அவள் காட்டில் சோளம் ஆளுயரத்துக்கு மேல் கருகருவென்று நின்றது. எறையூரிலிருந்தும் விக்கிரமங்கலத்திலிருந்தும் வண்டி கட்டி வந்து, "மஞ்சத்துணிச் சோளம் இந்த வூடுதானுங்களா?" என்று விதை கேட்டார்கள். களத்தில் பெரியசாமியே படியால் அளந்து போட்டார். ஒட்டுச் சேர்ப்பது எப்படி என்று வந்தவர்களுக்கு ஊசி பிடித்துக் காட்டியதும் அவர்தான், பாதி தப்பாக. மீதியை ஜெகதாம்பாள் திருத்தினாள்.

ஆனால் அதற்குப் பிறகு வருஷா வருஷம், அறுப்புக்கு முதல்நாள் அரிவாளோடு ஒரு கதிரைப் பிடித்தபடி வரப்பில் நின்று அவர் கேட்பது மட்டும் மாறவில்லை.

"ஏ ஜெகதா, இது சாமியுதா, உன்னுதா?"

"நான் சொல்றவரைக்கும் எல்லாம் என்னுதுதான்" என்பாள் அவள், காட்டுக்குள்ளிருந்து.