கமலவேணி அறுத்த கூரைத்துணி

கமலவேணியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அவள் மேல் இல்லை.

மலாக்கா காஜா பெராங்கில் வைரவனின் வண்டிப் பட்டறையில் எனக்கு இரும்பு வேலை. வண்டிகளின் உள்வேலை முழுக்கக் கமலவேணி: இருக்கை உறை, கதவுப் பட்டை, கூரைக்கு உள்பக்கம் இழுத்துக் கட்டும் துணி. மலாக்கா செட்டி வீட்டுப் பெண், பல தலைமுறைக்கு முன்பே தமிழ்ப் பேச்சு விட்டுப்போன குடும்பம். புருஷன் செத்த பிறகு தையல் மிஷினோடு பட்டறைக்கு வந்தவள். வீட்டில் மலாய்தான் பேச்சு. தமிழில் தெரிந்தது கோயிலில் காதில் விழுந்த நாலு வார்த்தை. அதை வைத்து அவளைக் கேலி செய்யாத ஆம்பளை பட்டறையில் கிடையாது. நானும் செய்திருக்கிறேன். ஆனால் அவள் இழுத்துக் கட்டிய துணியில் ஒரு சுருக்கம் காட்டிவிட முடியாது.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி ராஜரத்தினம் லேண்ட்ரோவர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். மலாயா சுதந்திர நாள் ஊர்வலத்துக்கு ஒலிபெருக்கி ஏற்றக் கூரை மேல் ரேக் வேண்டும், உள்ளே புதுத்துணி வேண்டும், துரை பார்த்து அசர வேண்டும் என்றார். திருப்தியானால் தோட்டத்தின் மற்ற மூன்று வண்டிகளும் எங்களுக்குத்தான். முதலாளி வைரவன் கமலவேணியிடம் மலாயில் சொல்லிவிட்டார்: நன்றாக வந்தால் அந்த மூன்றும் உனக்கு, குறை வந்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பு. என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

குழாயை வளைத்து ரேக் செய்தேன். மழைத்தண்ணீர் வழிய வண்டிக் கூரையின் ஓரத்தில் ஒரு விளிம்பு உண்டு. ரேக்கின் கால்கள் அந்த விளிம்பைக் கவ்வ வேண்டும். கூரையில் கை வைக்கவே கூடாது. கிராணிக்கு அது பிடிக்கவில்லை.

"என்னப்பா, துணி காயப்போடுற கிளிப்பு மாதிரி இருக்கு. ஓட்ட போட்டு போல்ட்டு அடி."

"ஓட்ட போட்டா மழைக்கு நிக்காதுங்க ஐயா."

"நீ எத்தன வகுப்பு படிச்ச?"

மூன்று. வாயை மூடிக்கொண்டு எட்டு ஓட்டை போட்டேன். அதற்குக் கீழே கமலவேணி நாலு நாள் கழுத்து வலிக்க அண்ணாந்து துணி கட்டினாள்.

ஆயர் குரோ பக்கம் ஒரே ஒரு மழை. வண்டி திரும்பி வந்தது. துணி தொப்பை போட்டுத் தொங்கியது.

"அந்த மலாய்க்காரி தச்ச லட்சணத்த பாருங்க வைரவன்," என்று கிராணி கத்தினார். "ஒழுக்கு. அவ தொட்டதெல்லாம் ஒழுக்கு."

கமலவேணியின் முகம் கறுத்துவிட்டது. என்னிடம் வந்து, எனக்கு ஒழுக்கம் இல்லை என்கிறானா என்று மலாயில் கேட்டாள். ஒழுக்கம் என்ற வார்த்தை அவளுக்குக் கோயிலில் கேட்டுத் தெரியும், ஒழுக்கு தெரியாது. பத்து ஆம்பளைகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து தைக்கிறவளுக்கு அது எங்கே குத்தும்?

"ஐயோ, அது இல்ல கமலா. போச்சோர். தண்ணி ஒழுகுதாம்."

அவள் வண்டியைப் பார்த்தாள், கிராணியைப் பார்த்தாள்.

"காயின் மானா போலே போச்சோர்?"

துணி எப்படி ஒழுகும் என்று கேட்டாள். அவ்வளவு படித்த கிராணிக்கு இது தோன்றவில்லை.

கத்தரியை எடுத்து, நாலு நாள் வேலையை ஒரே இழுப்பில் அறுத்தாள். தண்ணீர் பொத்தென்று இருக்கையில் விழுந்தது. பிறகு என்னைப் பார்த்து மேலே கை காட்டினாள். நான் ஏறி ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றினேன். எட்டு போல்ட்டிலும் சொட்டியது.

"ஓட்ட போட்டது யாரு, இவன்தான?" என்றார் கிராணி.

"போடச் சொன்னது யாருங்க?" என்றேன்.

"நான் சொன்னா? உன் அறிவு எங்கய்யா போச்சு?"

அதை மட்டும் சரியாகக் கேட்டார்.

முதலாளி நடுவில் புகுந்து, வேறு துணி கட்டச் சொன்னார். கமலவேணி மிஷின் முன்னால் உட்கார்ந்தாள், மிதிக்கவில்லை. தப்பு தன்னுடையது இல்லை என்று கிராணி சொல்ல வேண்டுமாம். ஊர்வலத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. கிராணி டயரைப் பார்த்துக்கொண்டு மலாயில், அவள் தப்பு இல்லை என்றார்.

"அவள் என்றால் யார்?" என்று மலாயிலேயே கேட்டாள்.

கிராணி என் பக்கம் சாய்ந்து, "பேரு என்ன?" என்றார். இரண்டு வாரமாகப் பட்டறைக்கு வந்துபோகிறவர். சொன்னேன். பெயரைச் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்து, மறுபடி சொன்னார். மிஷின் ஓடத் தொடங்கியது.

நான் ஓட்டைகளை அடைத்து, ரேக்கை விளிம்பில் கவ்வ வைத்தேன். ஊர்வலம் நன்றாகவே நடந்தது.

அடுத்த மாதம் மற்ற மூன்று வண்டிகளும் அதே மாதிரி ரேக்குக்கும் துணிக்கும் வந்தன. கூடவே கிளேபாங்கிலிருந்து ஒரு தையல்காரனும் வந்தான். கிராணிக்கு அவளைப் பிடிக்கவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், நான் என்ன செய்ய என்றார் முதலாளி. துணி ஒழுகாது என்று தெரிந்த பிறகும் இப்படி.

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"அப்ப ரேக்கையும் அந்தத் தையக்காரனே மாட்டட்டும், முதலாளி."

"கருணா, விளையாடாத."

நான் விளையாடவில்லை. மூன்று நாள் வண்டிகள் வாசலில் நின்றன. நாலாம் நாள் முதலாளி குடையை எடுத்துக்கொண்டு கமலவேணி வீட்டுக்கு நடந்தார்.

அவள் வந்தாள், ஒரு நிபந்தனையோடு. வண்டியை டிரைவர் கொண்டுவரட்டும், டிரைவரே எடுத்துப் போகட்டும், கிராணி உள்ளே கால் வைக்கக்கூடாது. முதலாளி தலையைச் சொறிந்தார். மூன்று வண்டியும் முடியும்வரை ராஜரத்தினம் எதிர்க் காப்பிக்கடையில்தான் உட்கார்ந்திருந்தார்.