ஆனைக்கொம்பனை அறுத்துப் பார்க்காத நாள்

என் கைப்பையில் எப்போதும் ஒரு பிளேடு கிடக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து மிரள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கவரைப்பேட்டைப் பக்கம் நான் உதவி வேளாண்மை அலுவலராகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலை, முனுசாமி அண்ணன் கையில் ஒரு கட்டு நெல் தூரோடு ஆபீசுக்கு வந்தார். அங்கிருந்த ஒரு கம்பெனியின் மதில் ஓரமாக இரண்டு ஏக்கர் சம்பா போட்டிருந்தவர்.

"இன்னா மேடம் இது? நெல்லு நட்டா வெங்காயம் மொளச்சிகினு கீது! கம்பெனிக்காரன் தண்ணி எதுனா வுட்டுட்டானா?"

குருத்து வெங்காயத் தாள் போலக் குழலாக, வெளுத்து நீண்டிருந்தது. புத்தகத்தில் பார்த்த படமே நேரில் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கம்பெனி இல்லண்ணா, ஆனைக்கொம்பன். கொசு மாதிரி ஒரு ஈ. அதோட புழு தண்டுக்குள்ள இருந்து பண்ற வேலை. மருந்து அடிச்சிடுங்க."

பார்த்த மாத்திரத்தில் பேரைச் சொல்லிவிட்ட பெருமை. ஒரு தண்டைக்கூட அறுத்துப் பார்க்கவில்லை.

அவர் விட்டுப்போன தூர்களைத் தண்ணீர் பாட்டிலில் செருகி, மேலே மெல்லிய துணி கட்டி மேசையில் வைத்தேன். செம்மஞ்சள் ஈ வெளியே வந்ததும் ஆபீசில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசை.

மூன்றாம் நாள் பாட்டிலைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. ஈ ஒன்றுகூட இல்லை. துணியின் உட்புறம் முழுக்க எள்ளைவிடச் சின்னக் கறுப்புக் குளவிகள். பதறிப்போய் பிளேடால் ஒரு தண்டைக் கீறினேன். புழுவின் தோல் மட்டும் உப்பிக் கிடந்தது. அதற்குள் இன்னும் வெளிவராத குளவிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ஆனைக்கொம்பன் புழுவைத் தின்றே வளரும் குளவி இது. அந்த வயலைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததே அதுதான்.

மருந்து அடிக்க வேண்டாம் என்று சொல்ல முனுசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனேன்.

வரப்பில் ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. வயல் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நீட்டினார்.

"பாருங்க மேடம்! நீங்க சொன்ன ஈ அல்லாம் செத்து மெதக்குது!"

கை நிறையக் கறுப்புக் குளவிகள்.

"அண்ணா, இது ஈ இல்ல. அந்த ஈயோட புழுவைக் கொல்ற குளவி. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப ஈ?"

"மிச்சம் இருக்கற புழு தண்டுக்குள்ள பத்திரமா இருக்குண்ணா."

"நான் இன்னா மேடம் கண்டேன்? நீங்க சொன்னீங்கோ, அடிச்சேன்" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு அந்த வயலில் கிளைத்த தூர்களில் பாதிக்கு மேல் வெங்காயத் தாளாகவே போயின. அறுப்பு முடியும்வரை அவர் வயல் பக்கம் போகவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த சம்பாவில் மறுபடியும் ஒரு கட்டுத் தூரோடு அவரே ஆபீசுக்கு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு புது பிளேடை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"மொதல்ல அறுங்க மேடம். அப்பால பேசலாம்."