சங்கு ஊதியதும்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் மகன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை. அங்கே சங்கு ஊதும்போதெல்லாம், மடியில் பேரன் இருந்தாலும், நான் பழைய எஸ்டேட்டின் ஆயாக் கொட்டகைக்குப் போய்விடுகிறேன்.

அம்மா ரப்பர் மரம் சீவிய காலத்தில் தம்பியையும் கூடவே கொண்டுபோவாள். மரங்களுக்கிடையே தூளி கட்டியிருக்கும். அவன் அழுதால் கத்தியை வைத்துவிட்டுப் பால் கொடுப்பாள். வெள்ளைக்காரத் துரை ரப்பர் ஆலை கட்டியதும் அம்மாவை உருளை மெஷினில் நிறுத்தினார்கள். தம்பியும் நானும் பிள்ளை பார்க்கும் ஆயாவிடம் வந்தோம்.

"இவன் எவ்வளவு அழுதாலும் சங்கு ஊதினாத்தான் என்னை விடுவாங்க ஆயா," என்றாள் அம்மா.

பிள்ளையின் பசிக்கும் சங்குதான் என்று ஆகிவிட்டது. தம்பியும் பழகிக்கொண்டான். சங்கு கேட்டதும் அழுகையை நிறுத்தி வாசலைப் பார்ப்பான். புளித்த ரப்பர் வாடையோடு அம்மா ஓடி வருவாள்.

மழைக்காலத்துக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. காரியம் முடிந்து அம்மா மறுபடி ஆலைக்குப் போனாள். அன்றும் சங்கு ஊதியது. அன்றும் ஓடி வந்து வாசலில் நின்றாள்.

ஆயா பதறி எழுந்தாள். "ஏன் கண்ணு இங்க வந்தே?"

அம்மா சுருட்டி வைத்திருந்த தூளியைப் பார்த்தாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

"சங்கு ஊதிருச்சே, ஆயா."

மருமகள் பேக்டரி பஸ் ஏறிப் போய்விட்டாள். பேரன் புட்டிப்பால் குடித்துத் தூங்குகிறான். சங்கு ஓய்ந்த பிறகும் என் கண்தான் வாசலைவிட்டு வரமாட்டேன் என்கிறது.