அந்தக் கட்டு எங்களுடையது இல்லை

சில வருஷங்களுக்கு முன்னால் நடந்த ஊராட்சித் தேர்தல் சமயம் அது. பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு மீனவர் குப்பம்தான் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே படகில் தொழிலுக்குப் போவார்கள். தலைவர் பதவிக்கு எங்கள் ஊர் சார்பில் நின்றவர் அந்த அண்ணனின் மனைவி, அதாவது என் ஓரகத்தி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் இரண்டு பிரசவத்துக்கும் பொன்னேரி ஆஸ்பத்திரியில் என்னோடு படுத்துக் கிடந்தவர். தூரத்திலிருந்து வந்த எனக்கு அந்த ஊரில் மனுஷி என்றால் அக்காதான்.

அதற்கு முந்தைய தேர்தலில் எங்கள் ஊர் ஆள் பக்கத்துக் குப்பத்து ஆளிடம் கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். எண்ணும் இடத்தில் கோல்மால் செய்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. மறுபடி எண்ணச் சொல்லிக் கெஞ்சியும் நடக்கவில்லை. அப்புறம் குடிதண்ணீர்க் குழாய் பக்கத்துக் குப்பத்தோடு நின்றுவிட்டது. எங்களுக்கு லாரித் தண்ணீர்தான். அதனால் இந்த முறை நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் எண்ணுமிடத்தில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்து, கல்லூரி வரை படித்த என்னை ஏஜென்டாக அனுப்பினார்கள். அக்காவின் கணவரை நான் மாமா என்பேன். கிளம்பும்போது அவர், "ஒரு சீட்டு தப்பாப் போனாலும் வுடாத, கேளு" என்று சொல்லி அனுப்பினார்.

எண்ணிக்கை ஒரு கல்லூரிக் கட்டடத்தில் நடந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மேசை, இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் ஊராட்சியில் ஓட்டுச் சீட்டுதான், மெஷின் இல்லை. முத்திரை எந்தச் சின்னத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்து, கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கினார்கள். அக்காவுக்குப் பூட்டு சாவி சின்னம், எதிர்த்து நின்றவருக்கு மூக்குக் கண்ணாடி. மேசையில் இருந்தவர்கள் காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. பாவம், அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சாயங்காலம் ஆகும்போது அக்கா முன்னால் இருந்தார். ரொம்ப இல்லை, ஒரு கட்டுக்கும் குறைவான வித்தியாசம். கடைசிப் பெட்டியின் சீட்டுகளை அடுக்கும்போது எங்கள் பக்கம் வைத்த ஒரு கட்டு சரிந்து விசிறி மாதிரி விரிந்தது. மேல் சீட்டில் பூட்டு சாவி. அதற்குக் கீழே தெரிந்த முத்திரைகள் எல்லாம் கண்ணாடிக்கு நேராக இருந்தன. ஊழியர் ஒருவர் கவனிக்காமல் அதைச் சேர்த்துத் தட்டி மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

எதிர்த் தரப்பு ஏஜென்ட் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். வெளியே எங்கள் ஊர்க்காரர்கள் மாலையோடு நின்றிருந்தார்கள். நான் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் பார்த்தது பார்த்ததுதானே. போன முறை எங்கள் கட்டு இப்படித்தான் போயிருக்குமோ, அந்தப் பக்கம் இருந்த யாரோ ஒருத்தர் பார்த்துவிட்டும் பேசாமல் இருந்திருப்பாரோ என்று தோன்றியது. அதுதான் என்னை எழுந்து பேச வைத்தது.

"சார், அந்தக் கட்டை ஒரு தரம் பிரிச்சிப் பாருங்க."

"அது உங்க கட்டுதாம்மா. ஜெயிக்கிற நேரத்துல எதுக்கு?" என்றார் அதிகாரி.

"எங்க கட்டு இல்ல சார்."

பிரித்தார்கள். மேல் சீட்டைத் தவிர மற்றதெல்லாம் கண்ணாடி. அப்புறம் எல்லாக் கட்டுகளையும் பிரித்து மறுபடி எண்ணினார்கள். அக்கா தோற்றார்.

ஜெயித்தவர்கள் வெடி வெடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் வேனில் எனக்கு இடம் இருந்தது, ஆனால் நான் ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. ஊர் போய்ச் சேரும் வரைக்கும் அப்படியேதான். இறங்கும்போது அக்கா என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"நீ பொய் சொல்ல வேணாம். சும்மா உக்காந்து இருந்திருக்கலாம்ல?"

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.

அண்ணன் படகில் என் கணவருக்கு இடம் போயிற்று. வேறு ஒருத்தர் படகுக்குக் கூலிக்குப் போனார். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். நான் விலை போய்விட்டேன் என்று ஊரில் பேச்சு. தண்ணீர் லாரி வந்தால் என் குடத்தை யாரும் தள்ளவில்லை, திட்டவும் இல்லை. நான் போய் நின்றால் பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டடி நகர்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். மத்தியானத்தில் கரைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வேன். எதிரே உப்புக் காற்றும் தண்ணீரும்தான். சரியாகத்தான் செய்தோமா என்று கேட்க ஓர் ஆள் இல்லை. கேட்டால் அக்காவிடம்தான் கேட்டிருப்பேன், அதுதான் கொடுமை.

இப்படியே நாள் ஓடியது. ஊர் மீனவர் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. மாமா ஒரு பக்கம், வலைக்கார வீடு என்று ஊரில் சொல்லும் குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர் இன்னொரு பக்கம். யார் எண்ணுவது என்பதிலேயே அடிதடி ஆகிற நிலைமை. உன் ஆள் எண்ணினால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்று இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருநாள் காலையில் இரண்டு தரப்பிலிருந்தும் ஆளுக்கொருத்தர் என் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வரவில்லை. சொந்த ஆள் தோற்றாலும் உள்ளதைச் சொல்கிறவள் என்பதால் நான்தான் எண்ண வேண்டுமாம். எங்கள் ஊரில் ஒரு பொம்பளை அந்த மேசையில் உட்காருவது அதுதான் முதல் தடவை.

போகலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கோபம் இருந்தது. ஆனாலும் போனேன். ஆனால் என் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொன்னேன். ஒவ்வொரு சீட்டையும் இரண்டு பக்கமும் பார்க்கத் தூக்கிக் காட்டி, சத்தமாகப் படிக்க வேண்டும். ஒருத்தர் எண்ணிய கட்டை இன்னொருத்தர், யாரும் கேட்காமலே, மறுபடி எண்ண வேண்டும். கேட்டால்தான் திரும்ப எண்ணுவோம் என்றால் கேட்கிறவன் கெட்டவனாகிவிடுகிறான். அது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். இந்த மாதிரி ஒரு வழக்கம் எல்லாத் தேர்தலிலும் கட்டாயமாக இருந்தால் ஒரு ஆள் தனியாக எழுந்து நிற்க வேண்டியதே இல்லை.

மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில்தான் ஓட்டு போட்டார்கள். கரையோர ஏலக் கொட்டகையில், எல்லோரும் பார்க்க எண்ணினோம். மாமா கொஞ்ச ஓட்டில் தோற்றார். கூட்டம் அசையாமல் நின்றது. விருப்பப்பட்டால் இன்னொரு தடவையும் எண்ணலாம் என்று அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"வேணாம். நீதான எண்ணின" என்றார்.

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. அத்தனை நாளில் அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த ஒரே பேச்சு அதுதான். கூட்டம் கலைந்ததும், மேசையைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு நான் தனியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இன்றைக்கும் அக்கா என் வீட்டுப் படி ஏறியதில்லை. ஒரு நல்ல நாள் வந்தால் அந்த வீட்டுப் பக்கம் பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. ஆனால் ஓட்டு எண்ணுவது யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல மட்டும் இல்லை, தோற்றவர் அதை நம்பி வீட்டுக்குப் போவதற்காகவும்தான் என்பதை, தன் தோல்வியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்துபோன மாமாவிடம்தான் நான் கண்டுகொண்டேன்.