இரண்டு மில்லிமீட்டர் பிளவு

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘சிவப்பு பென்சில்’. தரைக்குக் கீழே மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் பாறை எங்கே உடைந்திருக்கிறது என்று அதிர்வலைப் படங்களைப் பார்த்துக் கோடு போடுவது வேலை. கணினி வந்து எத்தனையோ காலமாகியும், அச்செடுத்துப் பென்சிலால் போட்டுப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. எண்ணெயைத் தேடியே தலை நரைத்தவர். மருத்துவர் உத்தரவுப்படி சாப்பாட்டில் மட்டும் எண்ணெய் கிடையாது.

கடைசியாக அவர் மல்லுக்கட்டியது ஒரு பிளவோடு. கண்டம் இழுபட்டபோது தரை பிளந்து, பாறைத் துண்டுகள் அலமாரியில் சரிந்த புத்தகங்கள் போலச் சாய்ந்த இடம் அது. விழுந்த பள்ளத்தில் ஏரி நின்றது. ஏரியின் பாசியும் சேறும் புதைந்து, வெந்து, எண்ணெயாயின. அந்த எண்ணெய் பிளவு வழியே ஏறி, சாய்ந்த பாறையின் உச்சியிலுள்ள மணற்கல்லில் தங்க வேண்டும். மேலே களிமண் மூடி. பிளவு இல்லையென்றால் எண்ணெய் வந்தே சேராது. அதே பிளவு பிற்பாடு அசைந்து மூடியையும் கிழித்திருந்தால், வந்தது தங்காது.

மூடி கிழிந்துவிட்டது என்பது அவர் கட்சி. படத்தில் அது இரண்டு மில்லிமீட்டர்.

“அந்த இடமே மங்கலா இருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?” என்றார் மேலாளர்.

“ரெண்டு பக்கமும் களிமண் ஒரே மட்டத்துல இல்ல சார். இழுபட்ட நிலம் அப்புறம் நெருக்கப்பட்டிருக்கு. பழைய பிளவு சும்மா இருக்குமா?”

“சும்மா இருக்கட்டுமே! களிமண்ணுக்குக் கீழேயே கோட்டை நிறுத்துங்க. துளை போடற கோபுரம் வந்து நிக்குது.”

மூன்று வாரம் அவர் கோட்டை நிறுத்தவில்லை.

“ஏங்க, ரெண்டு மில்லிமீட்டருக்கு மூணு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க. அழிச்சுட்டுத்தான் வாங்களேன்” என்றாள் மனைவி.

“அழிச்சா பூமி ஒட்டிக்குமா?”

“போன வாரம் நீங்க பசை போட்ட செருப்பே ஒட்டல. பூமியைப் பத்திப் பேச வந்துட்டாரு.”

நான்காவது வாரம் ரப்பரை எடுத்து அழித்தார்; கையெழுத்தும் போட்டார். கொள்கை உள்ளவர்கள் மிரட்டலுக்குப் பணிவதில்லை. சலிப்புக்குப் பணிந்துவிடுகிறார்கள்.

துளையிட்டார்கள். மணற்கல் அவர் சொன்ன ஆழத்திலேயே இருந்தது. உள்ளே தண்ணீர். மேலே வந்த பாறைத் துண்டைப் புறஊதா விளக்கில் காட்டினால் மங்கிய மஞ்சளாக ஒளிர்ந்தது, எண்ணெய் குடியிருந்த கறை. காலி செய்து சில கோடி வருடங்கள் ஆகியிருந்தன.

கூட்டத்தில் மேலாளர் வரைபடத்தைத் தட்டினார். “கையெழுத்து உங்களோடதுதானே?”

“என்னோடதுதான் சார். கோடுதான் உங்களோடது.”

யாரோ இருமினார்கள். சொன்னது பலித்ததில் அவருக்குத் துளி சந்தோஷமில்லை. எதிராகக் கையெழுத்துப் போட்ட பிறகு, ‘நான் அப்பவே சொன்னேன்’ என்றுகூடச் சொல்ல முடியாது.

மறுவாரம் மேலாளர் பக்கத்துப் பாறையின் படத்தோடு வந்தார். அதே பிளவு அங்கேயும் நீண்டிருந்தது.

“இங்கேயாவது களிமண்ணுக்குக் கீழே நிக்குமா?”

இவர் சிவப்பு பென்சிலைக் கூராகச் சீவி, மேலாளரிடம் நீட்டினார். “நீங்களே நிறுத்துங்க சார். அப்படியே கையெழுத்தையும் போட்டுடுங்க.”

மேலாளர் களிமண் வரைக்கும் கோட்டைக் கொண்டுவந்தார். கை அங்கேயே நின்றது. படத்தை ஒரு தரம், இவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

“நாளைக்குப் பார்க்கலாம்” என்று எழுந்தார். பென்சிலும் அவர் சட்டைப்பையோடு போய்விட்டது.