அப்பா திரும்பி வரும் முற்றம்

ஒலிவ மரங்களைப் பற்றிப் படிக்கக் கோர்தோபாவுக்கு வந்த முதல் மே மாதத்தில், சான் பசிலியோ தெருவில் ஒரு வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். உள்ளே முற்றத்தின் நாலு சுவரிலும் நீலத் தொட்டிகள், தொட்டி கொள்ளாமல் ஜெரேனியம் பூக்கள். எல்லோரும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கண் வீட்டம்மாவின் கையில் இருந்த நாணல் கழியின் மேல் போனது. கழியின் நுனியில் ஒரு தகர டப்பாவைக் கட்டி, தலைக்கு மேலே இருந்த தொட்டிகளுக்குச் சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்டு, "ஒரு தடவ ஊத்திப் பாக்குறியா தம்பி?" என்று கழியை நீட்டினார். ஊற்றினேன். கீழே நின்ற ஒரு பெரியவரின் தலை நனைந்தது. "வெயிலுக்கு நல்லதுதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வீட்டம்மா கழியை வாங்கிக்கொண்டார். அப்படித்தான் ஃபுவென்சாந்தா லூக்கே எனக்குப் பழக்கமானார்.

மே மாதத்தின் முதல் இரண்டு வாரமும் ஊரில் முற்றத் திருவிழா. காலை பதினொன்றிலிருந்து இரண்டு வரை, மாலை ஆறிலிருந்து பத்து வரை, அழகான முற்றத்துக்கான போட்டியில் சேர்ந்த அத்தனை வீடுகளும் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பரிசுக்குத் தேர்வு செய்யும் குழு என்றைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லாது. எல்லா வீடும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடுவதால், ஒரு முற்றத்துக்காரி இன்னொரு முற்றத்தைப் பார்க்கவே முடியாது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் ஒரே நாளில் இருபது முற்றம் பார்த்துவிட்டுப் போவார்கள். ஃபுவென்சாந்தா முதல் இருபத்தெட்டு வருடத்தில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

பார்க்க ஆசைப்பட்டதும் ஒன்றே ஒன்றைத்தான். ஊரின் மறுகோடியில், சாந்தா மரினா கோவிலுக்குப் பின்னால் இருக்கிறது, அவர் பிறந்த அந்த வீடு. அவர் பிறந்தபோது அங்கே ஒன்பது குடும்பங்கள் இருந்தன. ஒன்பதுக்கும் ஒரே கிணறு, ஒரே அடுப்படி. மகள் பிறந்த வாரம் அப்பா பர்த்தொலொமே கிணற்றோரச் சுவரில் ஒரு மல்லிகைக் கொடியை நட்டார். கொத்து வேலை செய்தவர். மகளுக்கு ஆறு வயதானபோது பிழைப்புக்கு ஜெர்மனி போனார். இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. அம்மா கடைசிவரை அதைப் பற்றிப் பேசவில்லை. மகளின் பதினோராவது வயதில் வீட்டுக்காரர் எல்லாரையும் காலி செய்யச் சொல்லிப் பெரிய கதவுக்குப் பூட்டுப் போட்டார். அப்பாவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. மகளுக்கு நினைவில் இருப்பது ஒரு முதுகு. நாணல் கழியைத் தூக்கிப் பிடித்து மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றும் முதுகு, சட்டை ஈரமாக ஒட்டிக்கொண்டு.

நாற்பது வருடம் பூட்டிக் கிடந்த வீட்டை அராசெலி என்ற பெண் வாங்கிச் சீர்படுத்தி, முற்றத்தைப் போட்டியில் சேர்த்தாள். அன்றிலிருந்து ஃபுவென்சாந்தா தன் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சுற்றுலாப் பயணியையும் பிடித்துக்கொள்வார்.

"சாந்தா மரினா பக்கம் போனீங்களா? பெரிய மரக்கதவு, உள்ள கிணறு? அங்க மல்லிகை இருந்துச்சா?"

"நிறையப் பூ இருந்துச்சு" என்பார்கள். செல்போனை எடுத்துக் காட்டுவார்கள். படம் முழுக்க அவர்கள் முகமே சிரித்துக்கொண்டிருக்கும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் பச்சை தெரியும். அந்தப் பச்சையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். பெரிதாக ஆக அது வெறும் கட்டங்களாகிவிடும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், கணவர் அசிஸ்க்லோவிடம் கேட்டேவிட்டார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"வியாழக்கிழமை காலைல மட்டும் முற்றத்தப் பாத்துக்கிறியா?"

"பாத்துக்கறதுக்கு என்ன, பூவெல்லாம் எந்திரிச்சா ஓடப் போவுது?"

"போன வருஷம் ஒரு பூவுக்குப் பேர் கேட்டதுக்கு எங்க அக்கா பேரச் சொன்னவன்தான நீ."

"கேட்டாங்க. வாய்ல வந்ததச் சொன்னேன். அவங்க எழுதிக்கிட்டுச் சந்தோசமாத்தான போனாங்க."

"குழு வந்தா என்ன சொல்லுவ?"

"கடைக்குப் போயிருக்கான்னு."

"மே மாசத்துல கடைக்குப் போற முற்றத்துக்காரிய எவ நம்புவா?"

"ஏண்டி, நேராப் போய்க் கதவத் தட்டி நான் இங்க பொறந்தவன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. எதுக்கு இந்தப் பாடு?"

"போன வருஷம் நமக்கு மேல பரிசு வாங்குனவ அவ. வேவு பாக்க வந்துட்டேன்னு சந்தை பூராச் சொல்லுவா. குச்சி ஒடிக்க வந்தேன்னும் சொல்லுவா."

அந்தப் பயம் நியாயம்தான். கேட்டு வாங்கிய கிளை துளிர்க்காது, திருடிய கிளைதான் துளிர்க்கும் என்று நம்புகிற ஊர் அது. மே மாதத்தில் முற்றத்துக்காரிகளின் கைப்பையை மற்ற முற்றத்துக்காரிகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள்.

அதனால் சுற்றுலாப் பயணியாகவே போனார். வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் ஊர் வரைபடம். வரிசையில் பின்னால் நின்ற, தலைநகர் மாத்ரித்திலிருந்து வந்த ஒருவர் கேட்டார், "மொத தடவையா வர்றீங்க?"

"ஆமா."

"ரொம்பப் பழைய ஊரு. ரோமானியர் காலத்துல இருந்தே இருக்கு."

"அப்படியா" என்றார் ஃபுவென்சாந்தா.

ஒரு மணி நேரம் ஆனது. வாசல்படியில் கால் வைத்தபோது, ஒன்பது குடும்பமும் ஓடி விளையாடிய முற்றம் இவ்வளவுதானா என்றிருந்தது. கிணறு இருந்தது. அதன் ஓரச் சுவரில் மல்லிகையும் இருந்தது. அதன் முன்னால் நின்று அராசெலி பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கொடி ஒரு கொத்தனார் தன் பொண்ணு பொறந்த வாரம் வச்சது. பாவம், ஜெர்மனிக்குப் பொழைக்கப் போனாரு. இது மாடிக் கம்பியத் தொடுறதுக்குள்ள வந்துருவேன்னு பொண்ணுகிட்டச் சொல்லிட்டுப் போனாரு. சொன்னபடியே, கம்பியத் தொட்ட வருஷம் மே மாசத்துல பெட்டியோட வந்து, இதோ நீங்க நிக்கிற எடத்துலதான் நின்னாரு. பொண்ணுக்கு அடையாளம் தெரியல. யாரு வேணும்னு கேட்டுச்சாம்."

கூட்டம் ஆவென்றது. மாத்ரித்காரர் மூக்கை உறிஞ்சினார்.

ஃபுவென்சாந்தா கொடியின் அடித்தண்டைப் பார்த்தார். கட்டைவிரல் பருமன். ஆறேழு வருடத்துச் செடி. ஐம்பத்தேழு வருடத்துக் கொடியென்றால் அது மணிக்கட்டு கனம் இருக்க வேண்டும். அப்பா வைத்தது இது இல்லை. அதைத் தெரிந்துகொண்டபடியே நின்றார். அவர் நின்ற நேரத்தில் வலதுகை பக்கத்துத் தொட்டியில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

"ஏம்மா, தொப்பிக்காரம்மா" என்றாள் அராசெலி. "பூவத் தொடக்கூடாதுன்னு வாசல்லயே எழுதியிருக்கே. பையில என்ன? குச்சி ஒடிச்சியா?"

"இல்ல."

"காட்டு."

சட்டைப் பையிலிருந்து வந்தவை ஒரு பிடி வாடின ஜெரேனியம் தலைகள். பூவாகவோ கிளையாகவோ ஒன்றும் இல்லை. கணு பார்த்து, நகத்தால் சுத்தமாகக் கிள்ளியிருந்தது. தன் வீட்டில் விடிந்ததும் செய்வதைக் கை இங்கேயும் செய்துவிட்டது. அராசெலி அவற்றைப் பார்த்தாள், பிறகு ஃபுவென்சாந்தாவின் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"டூரிஸ்டுக்கு வாடுன பூ கண்ணுலயே படாது. நீ எந்த முற்றத்துக்காரி?"

"சான் பசிலியோ."

"வேவு பாக்க வந்தியா? இந்த வெயில்ல ஒரு மணி நேரம் நின்னு?"

"அந்தப் பழைய மல்லிகை என்னாச்சு?"

அராசெலியின் குரல் இறங்கியது. "நான் வீடு வாங்கறப்பவே பட்ட கட்டையா நின்னுச்சு. இது கடையில வாங்குனது. உனக்கெப்படித் தெரியும்?"

"கதைய யாரு சொன்னா?"

"இங்க முன்ன குடியிருந்த சோலேக் கெழவி. வீட்டப் பாக்க வந்து ஒரே அழுகை."

"அவர் திரும்பி வந்தாருன்னு சோலே சொன்னாளா?"

"இல்ல, அது நான் போட்டது. மொத வருஷம் உள்ளபடிதான் சொன்னேன். போனாரு, வரலைன்னு. ஒரு ஜப்பான்காரம்மா கிணத்தடியிலயே குந்தி அழுதுட்டா. வரிசை நகரல, வாசல்ல ஒரே சத்தம். மறுநாளே அவர வர வச்சுட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு நீதானா?"

ஃபுவென்சாந்தா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "எனக்கு அவர் மூஞ்சி ஞாபகமில்ல" என்றார்.

"தப்பா நெனச்சுக்காதக்கா. நாளைலேர்ந்து அதச் சொல்லல."

"பெட்டி எப்படி இருந்துச்சு?"

"எந்தப் பெட்டி?"

"வந்தப்ப கையில இருந்த பெட்டி."

"மரப்பெட்டி" என்றாள் மெதுவாக. "கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு."

"சரி. அடுத்த கூட்டம் வருது பாரு. சொல்லு. நான் கிணத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிறேன்."

அன்றைக்கு இரண்டு மணிக்குக் கதவு சாத்தும்வரை, வந்த கூட்டம் ஒவ்வொன்றுக்கும் அராசெலி அந்தக் கதையைச் சொன்னாள். அடுத்தடுத்த முறைகளில் பெட்டிக்குக் கயிறும் வந்தது. கடைசி முறை, பெட்டியோடு வந்தவரின் சட்டை ஈரமாக இருந்ததாகவும் சொன்னாள். பிந்திய அந்தச் செய்தியைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஃபுவென்சாந்தாவுக்கு அறுபத்தைந்து வயது. சான் பசிலியோ தெருவில் அதே வீட்டில் இருக்கிறார், மே மாதத்தில் முற்றத்தைத் திறக்கிறார். திருவிழாவின் முதல் வியாழக்கிழமை காலை மட்டும் அசிஸ்க்லோ பார்த்துக்கொள்கிறார். வரிசையைத் தாண்டி வரச்சொல்லி அராசெலி கூப்பிட்டாலும் போவதில்லை. மற்றவர்களோடு வெயிலில் நின்று, உள்ளே போய், அப்பா வந்து சேர்வதைக் கேட்டுவிட்டு, மாலைத் திறப்புக்குள் வீடு திரும்பிவிடுகிறார்.